விதி போட்டுக் காத்த மரியாதை

1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடியவர்கள் ஒருவரையொருவர் நம்பிக் கூடியவர்கள் அல்லர். சிறிய மாநிலங்களுக்குப் பெரிய மாநிலங்களைக் கண்டால் பயம். தெற்குக்கு வடக்கின் மேல் சந்தேகம். ரோட் ஐலண்ட் மாநிலம் ஆளே அனுப்பவில்லை. நியூயார்க்கிலிருந்து வந்த மூவரில் இருவர், கூட்டம் போகும் போக்குப் பிடிக்காமல் ஜூலையிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். இப்படி வந்தும் போயும் மொத்தம் 55 பேர், மே 25 முதல் செப்டம்பர் 17 வரை ஒரே அறையில் வாதாடி அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதி முடித்தார்கள்.

அந்தக் காலத்து மனிதர்கள் பண்பானவர்கள், அதனால்தான் முடிந்தது என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதே தலைமுறை 1798-இல் காங்கிரஸ் சபையில் நடந்துகொண்ட விதம் பதிவாகியிருக்கிறது. மேத்யூ லயன் என்ற உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்டு என்ற உறுப்பினரின் முகத்தில் துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்டு கைத்தடியோடு வந்து அடிக்க, லயன் கணப்படுப்பிலிருந்து இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார். அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்ட அலெக்சாண்டர் ஹாமில்டன் 1804-இல் துணை ஜனாதிபதி ஆரன் பர்ருடன் துப்பாக்கிச் சண்டைக்குப் போய் உயிரை விட்டார். ரத்தச் சூடு எல்லாருக்கும் இருந்தது. 1787-இல் அந்தச் சூட்டை அடக்கி வைத்தவை, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே எழுதிக்கொண்ட சில விதிகள். இன்றைக்கு ஒரு சங்கத்தையோ பள்ளிக் குழுவையோ நடத்துகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதிகளைத்தான்.

கூட்டம் தொடங்கியதும் தலைவராக ஜார்ஜ் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததாக, விதிகள் எழுத மூவர் குழுவை அமைத்தார்கள். அதன் தலைவர் ஜார்ஜ் வித், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனுக்குச் சட்டம் கற்பித்த ஆசிரியர். மனைவிக்கு உடல்நலம் இல்லாததால் ஜூன் தொடக்கத்திலேயே அவர் ஊருக்குப் போய்விட்டார். அரசியல் சட்டத்தில் அவர் கையெழுத்து இல்லை. ஆனால் மே 28, 29 ஆகிய இரு நாட்களில் ஏற்கப்பட்ட அவருடைய விதிகள்தான் கடைசி வரை அந்த அறையை ஆண்டன.

பேச எழுபவர் தலைவரை நோக்கித்தான் பேச வேண்டும். அவர் பேசும்போது அவருக்கும் தலைவருக்கும் நடுவே யாரும் கடந்து போகக் கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது. புத்தகமோ துண்டறிக்கையோ, அச்சிட்ட தாளோ கையெழுத்துத் தாளோ எதையும் படிக்கக் கூடாது. இவற்றில் பல பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கத்திலிருந்து வந்தவை. அதே வேரிலிருந்து முளைத்ததால்தான் நம் மக்களவையின் 349-ஆம் விதியிலும், பேசுகிற உறுப்பினருக்கும் அவைத்தலைவருக்கும் நடுவே கடக்கக் கூடாது, சபை வேலைக்குத் தொடர்பில்லாத புத்தகமோ செய்தித்தாளோ படிக்கக் கூடாது என்று இருக்கிறது.

எதிராளியைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசு என்பது வெற்றுச் சம்பிரதாயம் போலத் தோன்றும். நடைமுறையில் அது செய்கிற வேலை பெரிது. "நீங்கள் சொன்னது பொய்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது எளிது. "தலைவர் அவர்களே, இவர் சொன்ன கணக்கில் மூன்று மாத வரவு விட்டுப்போயிருக்கிறது" என்று மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது வாய் தானாகவே செய்திக்குத் திரும்புகிறது. ஆளைத் திட்டுவதற்கு முன்னிலை வேண்டும். படர்க்கையில் திட்டினால் சுருதி ஏறாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி இதற்கு அடுத்தது. தனி அனுமதி இல்லாமல் ஒரே கேள்வியின் மேல் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பேசக் கூடாது. இரண்டாவது முறை பேசுவதும், அதுவரை வாய் திறக்காதவர்களில் பேச விரும்புகிறவர்கள் பேசி முடித்த பிறகுதான்.

எந்தக் கூட்டத்திலும் நான்கு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புலம்புவார்கள். அதற்கு மருந்து இந்த விதி. 20 பேர் கூடும் குழுவில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று இரண்டு சுற்று வைத்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். பாதியில் ஆட்கள் எழுந்துவிடுவார்கள். முதல் சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், இரண்டாம் சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், எல்லாருமே இரண்டு முறை பேசினாலும் ஒரு மணி நேரத்தில் முடியும். தலைவர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். பேசியவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு, இரண்டாவது முறைக்கு இரண்டாவது கோடு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, தலைவரே ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் சொல்வது. அப்படிச் செய்தால் தலைவர் 20 முறை பேசியவர் ஆகிவிடுகிறார், விதி செத்துவிடுகிறது. வாஷிங்டன் அந்த நாற்காலியில் ஏறக்குறைய நான்கு மாதம் விவாதத்தில் கலக்காமல் உட்கார்ந்திருந்தார். பொருளின் மேல் அவர் பேசியது கடைசி நாளில், ஒரு பிரதிநிதிக்கு 40,000 மக்கள் என்பதை 30,000 ஆகக் குறைக்கலாம் என்ற திருத்தத்துக்கு ஆதரவாக, சில வாக்கியங்கள். சபை எதிர்ப்பே இல்லாமல் அதை ஏற்றது. அதுவரை பேசாமல் இருந்ததுதான் அந்தச் சில வாக்கியங்களுக்கு எடை கொடுத்தது.

வித் குழு கொண்டுவந்த வரைவில் ஒன்றைச் சபை தள்ளுபடி செய்தது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயர் போட்டுப் பதிவு செய்யும் விதி அது. மாசசூசெட்ஸின் ரூபஸ் கிங் எழுந்து எதிர்த்தார். வேலை நடக்க நடக்கக் கருத்துகள் அடிக்கடி மாறும், பெயரோடு பதிந்தால் குறிப்பேடு முழுக்க முரண்பாடுதான் நிரம்பும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் கிங்கை ஆதரித்தார். ஒருவர் கருத்து பதிவாகிவிட்டால் பிறகு அதை மாற்றிக்கொள்வதற்குத் தயங்குவார், பின்னால் அந்தப் பதிவு வெளியானால் சபையின் முடிவை எதிர்ப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம்.

இதோடு ஒட்டி இன்னொரு விதி. முடிவான விஷயத்தையும் திரும்ப எடுக்கலாம். அன்றைக்கே எடுக்க வேண்டுமென்றால் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பேசி முடித்த கேள்வியாக இருந்தாலும், ஒரு மாநிலம் கேட்டுக்கொண்டால் வாக்கெடுப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போகும். ராத்திரி தூங்கி எழுந்து வாக்களிக்கலாம் என்று பொருள். ஜனாதிபதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் இந்த விதி எப்படி உழைத்தது பாருங்கள். ஜூலை 17-இல் தேசிய சட்டமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். ஜூலை 19-இல் அதற்கென்று வாக்காளர் குழு இருக்கட்டும் என்றார்கள். ஜூலை 24-இல் மறுபடி சட்டமன்றம். செப்டம்பரில் மறுபடி வாக்காளர் குழு. இன்றைய செய்தி சேனல் ஒன்று அந்த அறைக்குள் இருந்திருந்தால், ஜூலை 19-ஆம் தேதி மாலையே யார் பல்டி அடித்தார் என்று பட்டியல் ஓடியிருக்கும். அதற்குப் பிறகு ஒருவர்கூட மனம் மாறியிருக்க மாட்டார்.

"முழுச் சபைக் குழு" என்ற ஏற்பாடும் இதே நோக்கத்துக்குத்தான். அதே ஆட்கள், அதே அறை. வாஷிங்டன் நாற்காலியிலிருந்து இறங்குவார், நத்தானியேல் கோரம் ஏறுவார். அப்போது எடுக்கும் முடிவு எதுவும் சபையின் முடிவு ஆகாது, சபைக்கான பரிந்துரை மட்டுமே. மே 30 முதல் இப்படித்தான், வர்ஜீனியாக்காரர்கள் முன்வைத்த வரைவான வர்ஜீனியா திட்டத்தை வரி வரியாக அலசினார்கள். இதை நாம் அப்படியே செய்யலாம். பெரிய செலவோ விதி மாற்றமோ வந்தால் முதல் கூட்டத்தில் எடுக்கும் வாக்கு மனநிலை அறிய மட்டுமே என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிவான வாக்கெடுப்பு குறைந்தது ஒரு வாரம் கழித்து. முதல் கூட்டத்தின் குறிப்பில் வாதங்களையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுத வேண்டும். "இன்னார் எதிர்த்தார்" என்று பெயர் எழுதிவிட்டால் அடுத்த வாரம் அவர் அதே நிலையைக் காப்பாற்றத்தான் வருவார்.

ரகசிய விதி இதைவிடச் சிக்கலானது. உள்ளே பேசியது எதுவும் அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஜார்ஜியாவின் வில்லியம் பியர்ஸ் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. தீர்மானங்களின் நகலை யாரோ கீழே தவறவிட்டிருக்கிறார். அதைக் கண்டெடுத்தவர் வாஷிங்டனிடம் கொடுத்தார். அன்றைய வேலை முடியும் வரை வாஷிங்டன் ஒன்றும் சொல்லவில்லை. கலையும் நேரத்தில் எழுந்து, நம் பேச்சு பத்திரிகைக்குப் போய் ஊர் அமைதியைக் கெடுத்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும் என்று கண்டித்தார். தாளை மேசையில் எறிந்து, யாருடையதோ எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, தலை வணங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பியர்ஸ் தன் சட்டைப்பையைத் துழாவினார், தாள் இல்லை. வெலவெலத்துப் போய் மேசைக்குப் போய்ப் பார்த்தால் கையெழுத்து வேறு ஒருவருடையது. தங்கியிருந்த விடுதிக்கு ஓடிப்போய்த் தேடியதில், அவருடைய நகல் அன்று காலை கழற்றிப் போட்டிருந்த கோட்டின் பையில் இருந்தது. மேசையில் கிடந்த தாளுக்குக் கடைசிவரை யாரும் உரிமை கோரவில்லை.

தவறு செய்தவர் யார் என்று வாஷிங்டன் தேடவில்லை, யாரையும் எழுப்பிக் கேட்கவில்லை. ஒரு பெயரும் சொல்லாமல் அறையில் இருந்த அத்தனை பேரையும் தங்கள் பையைத் தடவிப் பார்க்க வைத்தார். கண்டிப்புக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ரகசியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. பாரிஸில் தூதராக இருந்த ஜெபர்சன், உறுப்பினர்களின் நாவைக் கட்டியது அருவருப்பான முன்னுதாரணம் என்று ஜான் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த விதியைத் தாங்கக்கூடியதாக்கியது, பின்னால் வந்த பகிரங்கம். சட்டத்தின் முழு வாசகமும் உடனே அச்சாகி, ஒவ்வொரு மாநிலத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநாட்டில் விவாதத்துக்கு வந்தது. மூடிய அறையில் வரைவு எழுதலாம். மக்கள் பணத்தைப் பற்றிய முடிவை மூடிய அறையில் எடுக்கக் கூடாது.

இனி பேச்சு. அந்த அறையில் மிக மூத்தவர் 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின். நெடுநேரம் நின்று பேச உடம்பு இடம் கொடுக்காததால் அவர் எழுதிக் கொண்டுவருவார், ஜேம்ஸ் வில்சன் வாசிப்பார். ஜூன் 11-இல், மாநிலங்களுக்கு எத்தனை வாக்கு என்ற சண்டை முற்றியபோது அவர் சொன்னதன் சாரம் இது: நம்மை இங்கே அனுப்பியது கலந்து ஆலோசிக்க, மல்லுக்கட்ட அல்ல. மாறவே மாட்டேன் என்று அறிவிப்பதால் யாருக்கும் தெளிவு வராது, யாரும் இணங்கவும் மாட்டார்கள். ஒரு பக்கம் அடித்துப் பேசினால் மறுபக்கமும் அடித்துப் பேசும்.

இது பிராங்க்ளின் பிறவிக் குணம் அல்ல. இளைஞராக இருந்தபோது வாதத்தில் ஜெயிப்பதில் வெறி கொண்டவர் அவர். 1727-இல் பிலடெல்பியாவில் அவர் தொடங்கிய ஜுன்டோ என்ற நண்பர் கழகம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும். அங்கே அடித்துப் பேசுவதற்கும் நேரடியாக மறுப்பதற்கும் சிறு அபராதம் வைத்தார்கள். தன் பேச்சிலிருந்தே "நிச்சயமாக", "சந்தேகமே இல்லாமல்" போன்ற சொற்களை விலக்கி, "எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது" என்று சொல்லப் பழகினார். யாராவது தவறாகச் சொன்னால், சில சூழ்நிலைகளில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் ஏதோ வித்தியாசம் இருப்பதுபோல் படுகிறது என்று தொடங்குவார். முதலில் இது இயல்புக்கு மாறாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். லாபமும் கண்டார். தன் கருத்து தவறென்று தெரிந்தபோது அவமானம் குறைவாக இருந்தது, சரியாக இருந்தபோது மற்றவர்கள் தங்கள் தவறை விட்டு வருவது எளிதாக இருந்தது.

கடைசி நாளான செப்டம்பர் 17-இல் வில்சன் வாசித்த அவர் உரை, ஒத்துப்போகாதவர்களைச் சேர்த்துக்கொள்ள எப்படிப் பேசுவது என்பதற்குப் பாடம். இந்தச் சட்டத்தில் பல பகுதிகள் எனக்கு இப்போது உடன்பாடில்லை என்றுதான் தொடங்குகிறது. வயதாக ஆக என் தீர்ப்பின் மேல் எனக்கே ஐயம் கூடுகிறது, பிறர் தீர்ப்பின் மேல் மதிப்புக் கூடுகிறது என்கிறார். நடுவே ஒரு சிரிப்பு: எப்போதும் சரியாக இருப்பவராக என்னைத் தவிர வேறு யாரையும் நான் கண்டதில்லை என்று சகோதரியிடம் சொன்ன பிரெஞ்சுப் பெண்மணி. அதன் பிறகுதான் கோரிக்கை: இன்னும் மறுப்பு உள்ளவர்கள் தங்கள் பிழையாமையின் மேல் கொஞ்சம் ஐயம் கொண்டு கையெழுத்திடுங்கள். கையெழுத்து வாசகமும் கவனமாக எழுதப்பட்டது. வந்திருக்கும் மாநிலங்களின் ஒருமித்த சம்மதத்தால் நிறைவேறியது என்றிருந்ததால், தனிப்பட்ட முறையில் உடன்படாதவரும் சாட்சியாகக் கையெழுத்திடலாம். அதை எழுதியவர் கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவி அல்ல, அவர் பெயர்). பிராங்க்ளின் வாயால் வந்தால் எடுபடும் என்று அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

பலன்? வராதிருந்த ஒருவருக்காக நண்பர் இட்டதையும் சேர்த்து 39 கையெழுத்துகள். ராண்டால்ப், மேசன், கெரி மூவரும் மறுத்துவிட்டார்கள். பிராங்க்ளின் பேச்சு தங்களைக் குறிவைத்தது போலிருக்கிறது என்று கெரி வருத்தப்பட்டார். எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் சபையில் மூன்றே பேர் மறுபக்கம் இருக்கும்போது அது அவர்களைக் குத்தும். அவர்களிடம் முதல் நாளே தனியாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பேச்சாற்றல் என்றால் நம் நினைவுக்கு வருவது பேட்ரிக் ஹென்றி. "சுதந்திரம் கொடு, இல்லையேல் சாவைக் கொடு" என்ற 1775 உரை உலகப் புகழ் பெற்றது. அன்றைக்கு யாரும் அதை எழுதிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் நினைவிலிருந்து வில்லியம் வர்ட் தொகுத்து 1817-இல் வெளியிட்ட வடிவம்தான் நம்மிடம் இருப்பது. அந்த ஹென்றி 1788 ஜூனில் ரிச்மண்டில் கூடிய வர்ஜீனியா மாநில மாநாட்டில் புதிய சட்டத்தை எதிர்த்து நின்றார். எதிரே, சட்டத்துக்காக வாதாட வந்த ஜேம்ஸ் மேடிசன்: குள்ளமான உருவம், நோயாளி உடம்பு, குறிப்புத் தாள் வைத்த தொப்பி கையில். குரல் எவ்வளவு தாழ்ந்தது என்றால், சுருக்கெழுத்தாளர் சில இடங்களில் காதில் விழவில்லை என்று குறித்திருக்கிறார்.

அங்கேயும் ஒரு விதிதான் ஆட்டத்தை மாற்றியது. முழுச் சட்டத்தையும் பிரிவு பிரிவாக விவாதித்த பிறகே வாக்கெடுப்பு என்று எதிர்த்தரப்பின் மேசனே முன்மொழிந்தார். மேடிசன் தரப்பு மகிழ்ச்சியோடு ஏற்றது. ஹென்றி அந்த வரிசைக்குக் கட்டுப்படாமல் மணிக்கணக்கில் முழங்கினார். ஆனால் இந்த வரிவிதிப்புப் பிரிவில் எந்த வார்த்தை ஆபத்து, எதனால் என்று கேள்வி வரும்போது முழக்கத்தைவிட, பக்கத்தைப் புரட்டிப் பதில் சொல்பவருக்கே மதிப்பு. 89-க்கு 79 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. ஹென்றி தோல்வியை ஏற்று, அமைதியான குடிமகனாக இருந்து சட்ட வழியிலேயே குறைகளைத் திருத்தப் பாடுபடுவேன் என்றார். அவர் தரப்பு கேட்ட திருத்தங்களில் ஒரு பகுதி, 1791-இல் உரிமைகள் சாசனமாக வந்தது. அதைக் காங்கிரஸில் கொண்டுவந்தவர் மேடிசன்.

ஜெபர்சன் துணை ஜனாதிபதியாக செனட்டுக்குத் தலைமை தாங்கியபோது தொகுத்து 1801-இல் வெளியிட்ட நடைமுறைக் கையேட்டில் ஒரு வரி உண்டு. ஒரு நடவடிக்கையின் விளைவுகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கண்டிக்கலாம். அதைக் கொண்டுவந்தவரின் உள்நோக்கத்தைக் குற்றம் சாட்டுவது ஒழுங்கு மீறல். "இந்தக் கட்டண உயர்வால் வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்துவிடுவார்கள்" என்று உரக்கக் கத்தலாம். "யாருக்கோ கமிஷன் போகிறது" என்று மெல்லிய குரலில் சொன்னாலும் அது மீறல். முன்னதைச் சரிபார்க்க முடியும். பின்னதற்கு ஆதாரம் இருந்தால் அதற்கு விசாரணை என்ற தனி இடம் இருக்கிறது. நம் மக்களவையின் 352-ஆம் விதியும் உறுப்பினருக்கு உள்நோக்கம் கற்பிப்பதைத் தடுக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, அந்த அறையின் மரியாதைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று சொல்லாமல் விட முடியாது. உள்ளே பெண்கள் இல்லை, பூர்வகுடிகள் இல்லை, அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் இல்லை. ஆகஸ்ட் 8-இல் கவர்னர் மாரிஸ் எழுந்து அடிமைமுறை கொடிய ஏற்பாடு, அது நிலவும் மாநிலங்களின் மேல் விழுந்த சாபம் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆனால் சமரசமே வென்றது. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்ந்தது; ஆள் கடத்தி வரும் வணிகத்தை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாது என்று எழுதினார்கள். அடிமை என்ற சொல்லை மட்டும் நாகரிகமாகத் தவிர்த்து "மற்ற நபர்கள்" என்று போட்டார்கள். இந்த நாகரிகத்தை நாம் கற்றுக்கொள்ளக் கூடாது.

பிறகு விதியே வாயடைக்கும் கருவியாகவும் ஆனது. 1836-இல் பிரதிநிதிகள் சபை, அடிமைமுறை பற்றிய எந்த மனுவையும் விவாதிக்காமல் ஒதுக்கிவைப்பது என்று முடிவு செய்தது. மக்கள் மனத்தில் அமைதி திரும்ப வேண்டும் என்பதுதான் சொன்ன காரணம். ஜனாதிபதியாக இருந்துவிட்டுச் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். நடைமுறை விதிகளை அவரைப்போல அறிந்தவர் அங்கே குறைவு. 1837 பிப்ரவரியில், அடிமைகளிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா என்று அவைத்தலைவரிடம் விளக்கம் மட்டும் கேட்டார். சபை கொந்தளித்தது, அவரைக் கண்டிக்கத் தீர்மானம் வந்தது. அதற்குப் பிறகுதான், மனு கேட்பது அடிமைமுறை ஒழிப்பை அல்ல, அதற்கு நேர்மாறானதை என்று சொன்னார். தீர்மானம் தோற்றது. 1842-இல் இன்னொரு கண்டனத் தீர்மானம் வந்தபோது, சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தை வாசிக்கச் சொல்லி எழுத்தரிடம் கேட்டுவிட்டு, தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தி நாள்கணக்கில் பேசினார். எந்தப் பொருளைப் பேசக் கூடாது என்று விதி சொன்னதோ அதே பொருளை, விதிப்படியே பேசினார். எதிர்த்தரப்பு களைத்துப்போய்த் தீர்மானத்தைக் கைவிட்டது. 1844 டிசம்பர் 3 அன்று, வாயடைப்பு விதியை நீக்க 77 வயது ஆடம்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 108-க்கு 80 என்று நிறைவேறியது.